நின்றால் 98, ஓடினால் வெளியே

இங்கிலாந்தில் வசதியும் கார்ப் பைத்தியமும் சேர்ந்து வாய்த்தவர்களுக்கு 'ட்ராக் டே' என்றொரு பொழுதுபோக்கு உண்டு. பந்தயத் தடத்தை ஓர் அமைப்பாளர் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பார். கட்டணம் கட்டியவர்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து மாலைவரை ஓட்டலாம். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. லோட்டஸ், கேட்டரம், போர்ஷே, பழைய பிஎம்டபிள்யூ என்று காலையிலேயே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். உரிமத்தைப் பார்ப்பார்கள், ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், பிறகு சத்தத்தை அளப்பார்கள்.

விவகாரம் இந்த மூன்றாவது சோதனையில்தான். காலையில் அளந்தபோது தேறிய காரை, பதினோரு மணி வாக்கில் கறுப்புக் கொடி காட்டி வெளியே அழைப்பார்கள். திரும்பவும் அதே கதை என்றால் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. கார் அதேதான், சைலன்சரும் அதேதான், நடுவில் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூட இல்லை. காலையில் சரி என்றவர்கள் இப்போது இல்லை என்கிறார்களே என்று ஓட்டுநர் குமுறுவார். அவர் குமுறலில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் காலையில் அந்தக் காரிடம் கேட்ட கேள்வி வேறு, பதினோரு மணிக்குக் கேட்டது வேறு.

காலையில் நடப்பது நிலைச் சோதனை. கார் நியூட்ரலில் நிற்கும். அலுவலர் கையில் ஒலிமானி. காற்று அடித்துக் கணக்கைக் கெடுத்துவிடாமலிருக்க அதன் நுனியில் கறுப்பு நுரைப்பந்து. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, குழாயின் அச்சுக்கு 45 பாகை சாய்வில் அதைப் பிடிப்பார். நேர் எதிரே பிடித்தால் சூடான புகை மைக்கின் மீதே பாயும். அப்போது அளப்பது ஒலியாக இருக்காது, காற்றடியாக இருக்கும். அரை மீட்டர் என்பதும் கண்மதிப்புச் சமாச்சாரமில்லை. கை கொஞ்சம் முன்னே போய் 40 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் அளவு ஏறத்தாழ 2 டெசிபெல் கூடும். ஒரு கார் தேறுவதற்கும் தோற்பதற்கும் 2 டெசிபெல் தாராளமாகப் போதும். பக்கத்தில் சுவர் இருந்தாலும் எதிரொலி சேர்ந்து ஏறும். இரட்டைக் குழாய் என்றால் இரண்டையும் அளந்து அதிகமானதை எழுதிக்கொள்வார்கள்.

ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து, எஞ்சினின் உச்ச வேகத்தில் முக்கால் பங்கில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 8,000 சுழற்சி போகும் எஞ்சின் என்றால் 6,000. இரண்டு மூன்று வினாடி, அவ்வளவுதான். பிரிட்டனின் பல தடங்களில் இந்தச் சோதனைக்கு வரம்பு 105 டெசிபெல். வில்ட்ஷயரில் இருக்கும் காஸில் கூம் தடத்தில் 100. அந்த ஐந்து டெசிபெல் வித்தியாசத்தைச் சில்லறை என்று நினைக்கக் கூடாது. ஆற்றல் கணக்கில் அது மூன்று மடங்குக்கும் மேல்.

டெசிபெல் மடக்கை அளவுகோல். 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அந்தப் பத்து மடங்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகத்தான் கேட்கும். காது இப்படி அடக்கிவாசிப்பதால்தான் 'கொஞ்சம்தானே கூட' என்ற வாதமே எழுகிறது. ஒலிமானியைச் சரிபார்க்கும் கருவி 94 டெசிபெல் ஒலியை எழுப்பும். அது சரியாக 1 பாஸ்கல் அழுத்த ஏற்ற இறக்கம். 105 டெசிபெல் என்பது ஏறத்தாழ மூன்றரை பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் சற்றுக் கூடுதல். அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நடுக்கம் வந்தாலே காதைப் பொத்திக்கொள்கிறோம்.

இரண்டாவது சோதனை கார் ஓடும்போது நடக்கிறது. தடத்தின் ஓரத்தில், பெரும்பாலும் கார்கள் முழு வேகமெடுக்கும் இடத்தில், ஒரு மைக் கம்பத்தில் நின்றுகொண்டு கடந்து போகும் ஒவ்வொரு காரையும் அளக்கும். பெட்ஃபோர்டு ஆட்டோட்ரோம் என்ற தடத்தில் இந்த ஓட்ட அளவுக்கு வரம்பு 87.5 டெசிபெல், 20 மீட்டர் தொலைவில். முன்னாள் எஃப்1 ஓட்டுநர் ஜொனாதன் பால்மர் பழைய விமான ஆராய்ச்சித் தளம் ஒன்றில் உருவாக்கிய தடம் அது. ட்ராக் டேக்காரர்கள் அந்த 87.5ஐச் சற்றுப் பயத்தோடுதான் உச்சரிப்பார்கள்.

இப்போது ஒரு கணக்கு. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரிலிருந்து 20 மீட்டர் என்பது நாற்பது மடங்கு. மொத்தம் 32 டெசிபெல் குறைய வேண்டும். காலையில் 98 காட்டிய கார், 20 மீட்டரில் 66தான் காட்ட வேண்டும். தரையிலிருந்து எதிரொலிப்பதற்கு மூன்று நான்கு சேர்த்துக்கொண்டாலும் 70. வரம்போ 87.5. இடையே பதினேழு பதினெட்டு டெசிபெல் இடைவெளி இருக்கிறது. கார் கவலையே படாமல் ஓட வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட கார்கள்தான் கறுப்புக் கொடி வாங்குகின்றன. அந்தப் பதினெட்டு டெசிபெல்லும் எங்கிருந்து முளைத்தது?

பெரும்பகுதி பளுவிலிருந்து. நியூட்ரலில் 6,000 சுழற்சி ஓடும் எஞ்சினுக்கு வேலையே இல்லை; தன் உராய்வை வெல்ல வேண்டும், அவ்வளவுதான். காற்று வழியின் கதவான த்ராட்டில் ஒரு கீற்று திறந்திருந்தாலே போதும். சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும் சொற்பம். எரிந்து முடிந்து புகைவால்வு திறக்கும் கணத்தில் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தமும் சொற்பம். தடத்தில் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்கும்போது நிலைமை தலைகீழ். சிலிண்டர் நிறையக் காற்று; வால்வு திறக்கும்போது வெளிக்காற்றைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில் புகை காத்துக்கொண்டிருக்கும். அது குழாய்க்குள் வெடித்துப் பாய்வதுதான் எஞ்சின் சத்தத்தின் மூலம். சுழற்சி எண் ஒன்றாகவே இருக்கலாம். வெறுங்கையை வீசுவதற்கும் அதே வேகத்தில் அரிசி மூட்டையைத் தூக்கிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. காலைச் சோதனை பார்த்தது வெறுங்கையை.

போதாததற்கு, தடத்தில் முக்கால் பங்கோடு யாரும் நிறுத்துவதில்லை. முழு 8,000த்துக்கும் போகிறார்கள். அதில் சில டெசிபெல். வளைவுக்கு முன்னால் காலை எடுக்கும்போது எரியாத பெட்ரோல் சூடான குழாயில் பொரிந்து 'பட்பட்' என்று வெடிக்குமே, இளைஞர்கள் வேண்டுமென்றே கணினியில் ட்யூன் செய்து வரவழைத்துக்கொள்ளும் அந்தச் சத்தம், அதுவும் மானியில் விழும்.

பலர் கணக்கில் எடுக்காத இன்னொரு வாய் காரின் முன்பக்கம் இருக்கிறது. எஞ்சின் புகையை விடும்போது மட்டுமல்ல, காற்றை உறிஞ்சும்போதும் சத்தமிடுகிறது. த்ராட்டில் ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும்போது அந்தக் கதவே உறிஞ்சும் ஒலியை அடைத்துவிடும். முழுதாகத் திறந்தால் தடுப்பு ஏதுமில்லை. உள்ளே இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனின் இழுப்பும் நேராக வெளியே கேட்கும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் என்று வைத்து, மூடிப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, எக்காளங்கள்போல வாய்விரித்த குழாய்களை மாட்டிக்கொண்ட கார்களில் உறிஞ்சும் சத்தம் புகைக்குழாயின் சத்தத்தோடு போட்டிபோடும். காலையில் பின்னால் மட்டும் மானியைப் பிடித்தவருக்கு இது தெரியவே தெரியாது. ஓட்ட அளவில் தோற்றவுடன் பெரிய சைலன்சர் வாங்க ஓடுகிறவர்களில் பலர், முன்னால் ஒரு காற்றுப்பெட்டியை மாட்டியிருந்தாலே தப்பித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இக்காலத்துக் கார்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல கார்களின் புகைக்குழாயில் கணினி திறந்து மூடும் அடைப்பான் இருக்கிறது. நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் அது மூடியிருக்கும், சுழற்சியும் பளுவும் கூடினால் தானாகத் திறக்கும். நிற்கும் காரின் எஞ்சின் ஓரளவுக்கு மேல் சுழலாதபடி கணினியே கட்டுப்படுத்துவதும் உண்டு. அத்தகைய காரை நிறுத்தி வைத்து அளப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது? அது மரியாதையாக நின்று, மரியாதையாகப் பேசும்.

சைலன்சரின் விஷயத்துக்கு வருவோம். குழாயைப் பெரிதாக்கி ஒரு டப்பாவாக்கினால் ஏன் சத்தம் குறைகிறது? ஒலி அலை ஒரே அகலமுள்ள குழாயில் தடையில்லாமல் ஓடும். திடீரென்று குழாய் அகன்றால் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். டப்பா முடிந்து குழாய் மறுபடி குறுகும் இடத்தில் இன்னொரு பகுதி திரும்பும். திரும்பிய அலைகள் முன்னேறும் அலைகளோடு மோதி ஒன்றையொன்று அழிக்கும். குழாயைப்போல மூன்று மடங்கு விட்டமுள்ள டப்பா வைத்தால், அதாவது பரப்பில் ஒன்பது மடங்கு, அதிகபட்சமாக 13 டெசிபெல்வரை குறைக்கலாம் என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்கிறது.

'அதிகபட்சமாக' என்ற சொல்லில்தான் சூது. டப்பாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போதுதான் இந்த 13 கிடைக்கும். அரைப் பங்காகிவிட்டால் குறைப்பு சுத்தமாகப் பூஜ்ஜியம். டப்பா இருப்பதே அந்த அலைக்குத் தெரியாது. 500 பாகை சூட்டில் இருக்கும் புகையில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர். வெளிக்காற்றில் 340 சொச்சம்தான். அப்படியானால் அரை மீட்டர் நீள டப்பா 275 ஹெர்ட்ஸ் ஒலியை மிக நன்றாக அடக்கும், 550 ஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 8,250 சுழற்சியில் அது வினாடிக்கு 275 வெடிப்பு. ஆக அடிப்படை ஒலி அடங்கிவிட்டது. அதன் இரண்டாம் மடங்கான 550 ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்துவிட்டது.

ஒலிமானிக்கு எது அதிகம் உறைக்கும்? அதில் 'ஏ எடை' என்றொரு வடிகட்டி இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும், ஒரே அழுத்தமுள்ள ஒலிகளில் தாழ்ந்த சுருதிகள் மனிதக் காதுக்கு எவ்வளவு குறைவாகக் கேட்கின்றன என்று அளந்தார்கள். அதை ஒட்டி வந்ததுதான் இந்த வடிகட்டி. 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெழுதும். 200இல் ஏறக்குறைய 11, 500இல் 3, 1,000இல் ஒன்றுமில்லை. எனவே அடிவயிற்றில் அதிரும் 'டும்டும்' மானியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கிறீச்சென்று மேலே ஏறும் ஓசைதான் மாட்டிவிடும். பெரிய அமெரிக்க வி8 கார் தேறிவிட, பொடியான நான்கு சிலிண்டர் கேட்டரம் தோற்கும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணம். அண்டை வீட்டுக்காரரின் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தச் சலுகை தெரியாது என்பது வேறு விஷயம். தாழ்ந்த ஒலிதான் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும்.

உயர்ந்த சுருதிகளைப் பிடிக்க வெற்று டப்பா போதாது, பஞ்சு வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். நடுவே துளைகள் நிறைந்த நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, வெளியே எஃகு உறை. புகை தடையின்றி நேராகப் போய்விடும், அதனால் எஞ்சினின் சக்தி குறையாது. ஒலி மட்டும் துளைகள் வழியாகப் பஞ்சுக்குள் புகுந்து இழைகளோடு உராய்ந்து வெப்பமாகக் கரையும். அருமையான ஏற்பாடு, பஞ்சு இருக்கும்வரை. இரண்டு பருவம் தடத்தில் ஓடிய சைலன்சரின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து மூடியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக, பட்டுநூல்போல வைத்தது பழுப்புத் தூளாகக் கொட்டும். மிச்சமிருக்கும் இழை வால்பக்கம் ஒரு கட்டியாக ஒதுங்கிக் கிடக்கும், முன்பாதி காலி. குழாயின் துளைகளில் கரி அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் புதுசுபோலப் பளபளக்கும். வசந்தத்தில் தேறிய கார் கோடை முடிவதற்குள் தோற்கும் கதைகளில் பாதி இந்த டப்பாவுக்குள்தான் நடக்கிறது. புதுப் பஞ்சு திணிப்பது அரை நாள் வேலை. செலவும் பெரிதில்லை. அதைச் செய்யாமல் ட்ராக் டேக்குக் கட்டணம் கட்டி ஏமாறுகிறவர்கள் ஆண்டுதோறும் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு குடும்பக் கதை சொல்லாமல் போக மனமில்லை. மாக்ஸிம் துப்பாக்கி என்ற தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம், அதன் சத்தத்திலேயே பழகிக் காது கேளாதவரானார். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909இல் துப்பாக்கிக்குச் சைலன்சர் காப்புரிமை வாங்கினார். பின்னால் அவருடைய நிறுவனம் எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்து விற்றது. உயர் அழுத்த வாயு ஒரு குழாயிலிருந்து திடீரென்று வெளிப்படும்போது எழும் சத்தத்தை எப்படி அடக்குவது என்ற கேள்வி துப்பாக்கிக்கும் காருக்கும் பொதுதானே.

தடத்துக்கும் அக்கம்பக்கத்துக்குமான சண்டையும் ஏறத்தாழ அதே வயதுடையது. கார் ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் தடங்களில் ஒன்றான புரூக்லண்ட்ஸ், லண்டனுக்குத் தென்மேற்கே 1907 ஜூனில் திறக்கப்பட்டது. திறந்த அதே மாதம் எஸ். எஃப். எட்ஜ் என்பவர் ஒரு நேப்பியர் காரில் இரவும் பகலுமாக 24 மணி நேரம் ஓட்டிச் சாதனை படைத்தார். சைலன்சரைப் பற்றி யாருக்கும் கவலையில்லாத காலம். ஊர்க்காரர்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். இரவில் ஓட்டக்கூடாது என்றாயிற்று, அருகிலிருந்தவர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அதனால் 1929இல் அங்கே 24 மணிப் பந்தயம் நடத்த விரும்பியபோது, பகலில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி, இரவில் கார்களைப் பூட்டி வைத்து, மறுநாள் மீதிப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். பந்தயத்துக்குப் பெயரே 'இரட்டைப் பன்னிரண்டு'. 1920களின் நடுவிலிருந்து அங்கே ஒவ்வொரு காருக்கும் மீன்வால் முனைகொண்ட பெரிய சைலன்சர் கட்டாயமாயிற்று. 'புரூக்லண்ட்ஸ் டப்பா' என்றே அதற்குப் பெயர். இன்று பழைய கார் பிரியர்கள் அதை அழகுக்காகத் தேடித் தேடி மாட்டுகிறார்கள்.

பிரிட்டனின் தடங்கள் பலவும், சில்வர்ஸ்டோன், காஸில் கூம், த்ரக்ஸ்டன், குட்வுட் என எதை எடுத்தாலும், இரண்டாம் உலகப்போர்க்கால விமானத் தளங்களாக இருந்தவை. போர் விமானங்கள் இரைந்த இடத்தில் கார் இரைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றங்கள் அப்படிப் பார்க்கவில்லை. வடக்கு யார்க்ஷயரில் உள்ள கிராஃப்ட் தடமும் பழைய விமானத் தளம்தான். அருகில் குடியிருந்த ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில், சத்தம் மிகுந்த நாட்கள் ஆண்டுக்கு 40க்கு மேல் கூடாது என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. 2014இல் சஃபோக் மாவட்டத்தின் மில்டன்ஹாலில் உள்ள மோட்டார் விளையாட்டு அரங்கம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அரங்கம் 1970களிலிருந்து இருக்கிறது, வழக்குப் போட்டவர்கள் 2006இல்தான் அருகில் வீடு வாங்கினார்கள். தெரிந்துதானே வந்து குடியேறினீர்கள் என்ற வாதம் எடுபடாது என்று தீர்ப்பானது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் லைம் ராக் தடத்துக்கு 1959இல் வந்த நீதிமன்றத் தடையால் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் பந்தயம் கிடையாது.

எனவே தட உரிமையாளர் கையில் இருப்பது சத்தத்துக்கான ஒரு வரவுசெலவுக் கணக்கு. பல தடங்களில் ஆண்டுக்கு இத்தனை சத்த நாள், இத்தனை அமைதி நாள் என்று உள்ளூர் நிர்வாகத்தோடு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் சராசரி ஆற்றலை வைத்து வரம்பு உண்டு. இதில் மடக்கைக் கணக்கு தன் கொடூரத்தைக் காட்டும். மற்றவர்களைவிட 10 டெசிபெல் கூடுதலாகக் கத்தும் ஒரே ஒரு கார், பத்துக் கார்களின் பங்கைத் தின்றுவிடுகிறது. அந்த ஒருவரைக் கெஞ்சக் கெஞ்ச வெளியேற்றுவதில் அமைப்பாளருக்கு ஈவிரக்கம் இல்லை என்று தோன்றினால், மீதி ஒன்பது பேரும் கட்டணம் கட்டியவர்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மானி நிற்பது தடத்தோரம். புகார் வருவதோ அரைமைல் தள்ளி. 20 மீட்டரில் 87.5 என்றால் 800 மீட்டரில் கணக்குப்படி 55 சொச்சம், பேச்சுக்குரல் அளவு. ஆனால் காற்று வீட்டுப் பக்கமாக அடித்தால், உயரே காற்றின் வேகம் அதிகமென்பதால் ஒலி அலைகள் தரையை நோக்கி வளையும், சத்தம் கூடும். எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து காதுக்கு எட்டாமலே போய்விடும். இரண்டுக்கும் இடையே பத்து டெசிபெல்லுக்கும் மேல் மாறலாம். அன்றைய காற்றைப் பொறுத்து அலுவலர் இறுக்கிப் பிடிப்பதும் தளர்த்துவதும் ஓரவஞ்சனை இல்லை.

கலிஃபோர்னியாவின் லகூனா செகா தடத்தில் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போயிருக்கிறது. 1957இல் ராணுவ நிலத்தில் அமைந்து, பின்னர் மான்டரே மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்த தடம். ட்ராக் டேக்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே வரம்பு 90 டெசிபெல், 50 அடி தொலைவில். மானி வைத்திருக்கும் இடம் ஐந்தாம் வளைவைத் தாண்டி மேடேறும் பகுதி. முழுப் பளுவோடு எஞ்சின் மூச்சுவாங்கும் இடம். அதைத் தெரிந்துகொண்டு மெக்கானிக்குகள் 'லகூனா பைப்' என்றொன்றைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் திறக்கும் குழாயோடு இணைத்து, வாயை மானிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடும் வளைகுழாய். கேட்டால் பள்ளிக்கூடத்துக் குறும்புபோலத் தோன்றும். ஆனால் இயற்பியல் அதன் பக்கம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். நான்கு மீட்டர் நீளக் காரின் உடம்பு அதற்கு ஒரு சுவர், பின்னால் நிழல் விழும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளமோ மூன்றரை மீட்டர். அது காரைச் சுற்றி வளைந்து வந்துவிடும். ஆனால் அதைத்தான் ஏ எடை கழித்துவிடுகிறதே. மானி எதைக் கேட்கிறதோ அதை மட்டும் மறைக்கும் தந்திரம். மறுபக்கத்து மலைக்குச் சத்தம் அப்படியே போகிறது. 2023 டிசம்பரில் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் அமைப்பு ஒன்று தடத்தின் சத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்ததில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை.

தடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அங்கேயே செய்துகொள்ள என்ன இருக்கிறது? முதலில் குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும், எஞ்சின் ஆறிய பிறகு. கேஸ்கெட்டில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால் 'இஸ்' என்று வரும் அந்த உயர்ந்த சுருதி மானிக்கு மிகவும் பிடித்தமானது. வால் முனையில் திருகி மாட்டும் குறுகலான அடைப்பு விற்கிறார்கள். காலைச் சோதனையில் நன்றாக வேலை செய்யும், தடத்தில் புகையை அடைத்து எஞ்சினைத் திணறடிக்கும், சூட்டில் திருகு தளர்ந்தால் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய் விழும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் திரும்ப மாட்டலாம். அதன் தேன்கூட்டு அறைகள் சில டெசிபெல்லைக் குடித்துவிடும். டர்போ கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. டர்பைன் சக்கரம் வெடிப்புகளின் கூர்மையை முன்னமே மழுக்கிவிடுகிறது.

மற்றதெல்லாம் வலது காலின் பொறுப்பு. மானி நிற்கும் இடத்துக்கு முன்பே, மூன்றாம் கியரில் 7,500வரை இழுப்பதை விட்டு, நான்காம் கியருக்கு மாற்றி 5,500இல் கடந்து போகலாம். ஆக்சிலேட்டரைப் பாதியாக விடலாம், தாண்டியதும் திரும்ப மிதிக்கலாம். பளு, சுழற்சி, உறிஞ்சும் சத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு காசு செலவில்லை. சுற்றுக்கு அரை வினாடியோ ஒரு வினாடியோ போகும். அடைப்பு மாட்டுவதையும் பைப் வாயைத் திருப்புவதையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதற்கு மட்டும் எளிதில் சம்மதிப்பதில்லை.